வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திடாதீர்கள்

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கருத்தாளர் என்ற முறையில், அரசுப் பள்ளிகளின் தீர்மானப் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அண்மையில் ஒரு தொடக்கப் பள்ளியில், தீர்மானம் எதுவும் எழுதப்படாத பக்கத்தின் அடியில் பெற்றோர்களின் கையெழுத்தும் கைநாட்டும் முன்கூட்டியே வாங்கப்பட்டிருந்தன. இது முதல் முறையன்று. ஆனால் இனியும் பேசாமல் இருப்பது சரியன்று.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21 ஆம் பிரிவில் இக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளியின் செயல்பாட்டையும் அதற்கு வரும் மானியங்களின் செலவையும் கண்காணிப்பது இவர்களின் பணி. 22 ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைக் குழுவிடமே தருவதுடன், அரசு வழங்கும் மானியங்களுக்கு அத்திட்டமே அடிப்படை என்றும் சொல்கிறது.

"நாங்கள் படிக்காதவர்கள், சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. உறுப்பினராவதற்குச் சட்டம் உங்கள் படிப்பைக் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை அப்பள்ளியில் படிக்கிறதா என்பதையே கேட்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வராததால் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள் என்பதும், மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியாமல் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதும், நான்காம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்பதும் பெற்றோருக்கு முதலில் தெரியும் செய்திகள். திட்டத்தில் முதலில் இடம்பெற வேண்டியவையும் இவைதாம். அவற்றை முறையான வாசகமாக எழுதித் தருவது ஆசிரியரின் வேலை; எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான், குடிநீர்க் குழாய் கேட்க வேண்டிய ஊரில் வண்ணப்பூச்சு கேட்டுத் தீர்மானம் போகிறது.

தலைமையாசிரியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் அவர்கள் சுமக்கும் பதிவேடுகளின் எண்ணிக்கையை நான் அறிவேன். ஆனாலும், நேரமில்லை என்பதற்காகப் பெற்றோரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதி முடித்து, கீழே கோடிட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வந்த மானியம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்பது சண்டைக்குப் போவதாகாது, தயங்காமல் கேளுங்கள். கூட்ட நேரத்தால் உங்கள் ஒரு நாள் கூலி போகுமானால், நேரத்தை மாற்றித் தரும்படி குழுவிலேயே வேண்டுங்கள். தலைமையாசிரியர்களே, கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்கும்படி உங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்று மத்திய அரசின் 2010 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே மார்ச் மாதத்தில் அவசரமாக நீட்டப்படும் தாளுக்காகக் காத்திராமல், டிசம்பருக்குள் உங்கள் தெருப் பெற்றோரிடம் பேசி, பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் குழுவின் முன் வையுங்கள்.