நிறுவல் பாதியில் நின்றால், மறுமுறை முயல்வதற்கு முன்

இயங்குதளம் நிறுவும்போது பாதியில் நின்றுபோன மேசைக்கணினியை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், நான் முதலில் கேட்கும் கேள்வி, பிழை வந்த பிறகு என்னவெல்லாம் செய்தீர்கள் என்பதுதான். முதல் தோல்வியில் தரவை இழந்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பிழைச்செய்தியைப் படிக்காமலே இரண்டாவது, மூன்றாவது முறை முயன்று, ஒவ்வொரு முறையும் வட்டில் பிரிக்கப்பட்ட பகுதியான பார்ட்டிஷன் ஒன்றை அழித்தோ ஃபார்மேட் செய்தோ பார்த்தவர்களே தங்கள் கோப்புகளைப் பறிகொடுத்து வந்து நிற்கிறார்கள்.

ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய கணினியில், விண்டோஸை நிறுவும் மென்பொருளான நிறுவி வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நின்றுகொண்டு, இந்த வட்டில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் கணினியில் ஜிபிடி வட்டில் மட்டுமே நிறுவ முடியும் என்று சொல்லியிருக்கிறது. இணையத்தில் யாரோ கூறிய யோசனைப்படி அவர் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்தார். நிறுவல் உடனே முன்னேறியது. பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்கள் அதோடு போயின. அது சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு. அழிக்கப்பட்ட இடத்தை உண்மையாகவே காலி செய்துகொள்ளும்படி இயங்குதளம் எஸ்எஸ்டிக்கு டிரிம் என்ற கட்டளையை அனுப்புவதால், பழைய ஹார்ட் டிஸ்கில் ஓரளவு கைகொடுக்கும் மீட்பு மென்பொருள்கள் அங்கே பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகின்றன. அவருடைய வட்டிலும் அதுவே நடந்தது.

அந்தப் பிழை எதைச் சொல்ல வந்தது என்று பார்ப்போம். எம்பிஆர் என்பது வட்டில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பழைய அட்டவணை முறை. வழக்கமான 512 பைட் செக்டர்கள் (சேமிப்புத் துண்டுகள்) கொண்ட வட்டில் அதனால் ஏறக்குறைய 2 டெராபைட் வரைதான் கணக்கு வைக்க முடியும், முதன்மைப் பார்ட்டிஷன்களும் நான்கே. கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வந்த பிறகு, ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை எம்பிஆரின் இடத்தைப் பிடித்தது. கணினியின் துவக்க மெனுவில் ஒரே பென்டிரைவ் சில சமயம் இரண்டு முறை காட்டப்படும்: ஒன்றின் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இராது. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த முறையில்தான் நிறுவியும் இயங்கும். அந்த ஆசிரியர் நிறுவ முயன்றது விண்டோஸ் 10. அவருடைய கணினி பழைய முறையையும் ஏற்கக்கூடியது என்பதால், மற்றொரு வரியைத் தேர்ந்திருந்தால் அந்தத் தடையே வந்திராது. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ கட்டாயம் என்பதால் அதற்கு இந்த வழி பொருந்தாது. அப்போதும், பழைய விண்டோஸ் இருக்கும் வட்டை உள்ளே உள்ள தரவு அழியாமல் ஜிபிடிக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2017 முதல் விண்டோஸுடனேயே தருகிறது. அந்த வட்டில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

ஆகவே நிறுவல் நின்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, வட்டில் இருப்பதை வெளியே எடுப்பது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே நேரடியாக இயக்க முடியும். அப்படி இயக்கி, வட்டைப் படிக்க மட்டும் திறந்து, கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்ட வட்டானால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அந்த எண் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருப்பதையே பலர் அறியாமல் இருக்கிறார்கள் என்பதால், கணினியைத் தொடுவதற்கு முன் அதைத் தேடி எழுதிவைத்துக்கொள்ளும்படி நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.

கணினிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் இருந்தால், நிறுவப்போகும் வட்டைத் தவிர மற்றவற்றின் கேபிள்களை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றி வைப்பது என் வழக்கம். தவறான வட்டை அழித்துவிடும் ஆபத்து இதனால் நீங்குகிறது என்பது ஒரு காரணம். விண்டோஸ் தன் துவக்கக் கோப்புகளைச் சில சமயம் பக்கத்து வட்டில் ஏற்கெனவே இருக்கும் துவக்கப் பார்ட்டிஷனில் வைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். அப்படி நடந்தால், பின்னொரு நாள் அந்தப் பழைய வட்டைக் கழற்றியவுடன் கணினி துவங்க மறுக்கும்.

பயாஸ் என்று இன்றும் அழைக்கப்படும் துவக்க அமைப்புத் திரை வட்டைக் காட்டுகிறது, நிறுவியின் பட்டியலோ வெறுமையாக இருக்கிறது என்ற நிலையில் வட்டு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய வட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து பல கணினிகளில் விஎம்டி என்ற வட்டுக் கட்டுப்பாட்டு முறை இயங்கும் நிலையிலேயே வருகிறது. அதற்குரிய டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) நிறுவியிடம் இல்லாவிட்டால் வட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரைப் பதிவிறக்கி, கோப்புகளாகப் பிரித்துப் பென்டிரைவில் வைத்து, அதே திரையில் உள்ள 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டினால் போதும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் வட்டு தெரியும். ஆனால் அந்த முறையில் நிறுவப்பட்ட பழைய இயங்குதளத்தை இன்னும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதை அணைக்கக் கூடாது, ஏனெனில் அது துவங்காமல் போகலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பழைய கணினிகளில் விண்டோஸ் 11 நிறுவப் பலர் முயல்கிறார்கள். அது டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடுவது), 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு இடம் ஆகியவற்றைக் கேட்கிறது. கணினியில் டிபிஎம் இல்லை என்று நிறுவி சொன்னாலும், பல மதர்போர்டுகளில் அது அணைக்கப்பட்டிருக்குமே தவிர இல்லாமல் இருக்காது: இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் பயாஸுக்குள் தேடிப் பாருங்கள். உண்மையிலேயே இல்லாத கணினியில் சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகளை நான் யாருக்கும் செய்துதருவதில்லை. அவ்வாறு நிறுவப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. அந்த உறுதியில்லாமையை வேறொருவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி, நகலெடுக்கும் கட்டத்தில் நின்றுபோகும் நிறுவல்கள். இவற்றில் எத்தனையாவது சதவீதத்தில் நின்றது என்பதைக் குறித்து வைக்கச் சொல்கிறேன், ஏனெனில் நோயை எனக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்தான். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நிறுவல் கோப்பிலோ, பென்டிரைவிலோ, வட்டின் குறிப்பிட்ட பகுதியிலோ சிதைவு இருக்கலாம். பதிவிறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை, வெளியீட்டாளர் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் பதிவிறக்குங்கள். பென்டிரைவைச் சாதாரணமாக ஃபார்மேட் செய்து கோப்புகளை இழுத்துப் போடுபவர்கள் இன்னொரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்: ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் 4 ஜிபி அளவைத் தொடும் தனிக்கோப்பு எதையும் வைக்க முடியாது, விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்போ இப்போது பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. அதற்கென உள்ள அதிகாரப்பூர்வக் கருவியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது. வட்டின் நிலையை, அது தன்னைப் பற்றித் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கை சொல்லும்: பழுதான செக்டர்களைக் குறிக்கும் 5, 197 ஆகிய வரிசை எண்களில் மதிப்பு ஏறிக்கொண்டே இருந்தால் அந்த வட்டில் எதையும் நிறுவ வேண்டாம், தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் 199 ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் என் சந்தேகம் ரேம் பக்கம் திரும்பும். கணக்கர் ஒருவரின் கணினியில் நிறுவல் முதலில் 22 சதவீதத்திலும், அடுத்து 61இலும், பிறகு 48இலும் நின்றது. பிழை எண் 80070570 என்று முடிந்தது. கோப்பு சிதைந்துவிட்டது என்பதே அதன் பொருள். அவரும் அதை அப்படியே நம்பி மூன்று பென்டிரைவ்களையும் ஒரு புதிய வட்டையும் மாற்றிப் பார்த்திருந்தார். நிறுவல் கோப்பு இறுகச் சுருக்கப்பட்ட ஒன்று. அது ரேமில் விரிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் அதற்குரிய சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடப்படுகிறது. பழுதான ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த ஒப்பீடு தோற்கும், நிறுவி கோப்பின் மீது பழிபோடும். அன்றாட வேலையில் அதே பிட் புரண்டால், தட்டிக்கேட்க அங்கே எவரும் இல்லை.

ரேமை மிகைவேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை முதலில் அணைத்தேன், பயனில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கருவியைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் திரை முழுவதும் சிவப்பு வரிகள். இந்தச் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் அது ஏற்கத்தக்கதல்ல. இரண்டு ரேம் பலகைகளையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் செருகிச் சோதித்தபோது ஒன்று மட்டும் பழுது என்பது தெளிவாயிற்று. அதை எடுத்துவிட்டு, அவருடைய பழைய வட்டிலேயே, அவருடைய முதல் பென்டிரைவைக் கொண்டே நிறுவினேன். ஒரே முயற்சியில் முடிந்தது.

கணினியை வாங்கிக்கொள்ள வந்தபோது, சில மாதங்களாகவே தன்னுடைய எக்செல் கோப்புகளில் சில திறக்க மறுத்ததாகவும், தான் அதை மென்பொருளின் குறை என்று நினைத்ததாகவும் அவர் சொன்னார். அந்த மாதங்களில் அவர் எடுத்த பேக்கப்கள் எல்லாமே அதே ரேம் வழியாகச் சென்றவை. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, அந்தப் பேக்கப்களில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினோம்.