180 மீட்டர் மேடு, ஒரு கிலோமீட்டர் ஓட்டம்

2014 மார்ச் 22, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓசோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றின் வடகிளையை ஒட்டி நின்ற மண்மேடு சரிந்தது. மலை என்று சொல்ல முடியாது. உயரம் 180 மீட்டர், சராசரிச் சாய்வு 20 டிகிரிக்கும் குறைவு. அதே இடம் 2006-லும் சரிந்ததுண்டு. அப்போது மண் ஆற்றை அடைத்ததோடு சரி. இந்தத் தடவை ஏறக்குறைய 80 லட்சம் கன மீட்டர் மண் ஆற்றைத் தாண்டி, ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள சமவெளி முழுவதையும் கடந்து, அங்கிருந்த குடியிருப்பையும் நெடுஞ்சாலையையும் மூடியது. 43 பேர் இறந்தார்கள்.

கணக்குப்படி பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது. வழுக்குவதை உராய்வு எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்தான் உராய்வுக் கெழு. மணலுக்கு அது சுமார் 0.6. ஆனால் 20 டிகிரிச் சாய்வில் ஒரு பொருள் தானாக வழுக்க வேண்டுமானால் உராய்வுக் கெழு 0.36-க்குக் கீழே இறங்க வேண்டும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் அது இன்னும் எவ்வளவோ குறைய வேண்டும். எங்கே போனது அந்த உராய்வு?

நிலச்சரிவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. மற்றதெல்லாம் ஓரளவு தெளிந்த விஷயம். ஒவ்வொரு மணல் துகளையும் பின்தொடர எந்தக் கணினியாலும் ஆகாது, தேவையும் இல்லை. பெரிய சரிவு ஓடும்போது அதன் தடிமன் சில மீட்டர், பரப்போ கிலோமீட்டர் கணக்கு. அதனால் மேலிருந்து கீழ்வரை உள்ளதைச் சராசரி ஆக்கிவிடலாம். 19-ம் நூற்றாண்டில் ஆற்று வெள்ளத்துக்காக எழுதிய சமன்பாடுகளின் உத்தி இது. 1989-ல் சாவேஜ், ஹட்டர் என்ற இருவர் இதை மண்ணுக்கும் கல்லுக்கும் பொருத்தினார்கள். விமானத்திலிருந்து லைடார் என்ற லேசர் கருவியால் அளந்த நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மண்ணின் ஆழம், இரு திசைகளில் அதன் வேகம் என்று சில எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். புவியீர்ப்பு எவ்வளவு இழுக்கிறது, பக்கத்துக் கட்டம் எவ்வளவு தள்ளுகிறது, அடித்தரை எவ்வளவு தடுக்கிறது என்று கூட்டிக் கழித்து அடுத்த நொடித்துளிக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கடைசி எண், அதாவது தரை தடுக்கும் அளவு, இப்படிப்பட்ட பல கணினி மாதிரிகளில் கையால் போடப்படுகிறது. நிஜச் சரிவு எங்கே நின்றதோ அங்கே கணினிச் சரிவும் நிற்கும்வரை உராய்வை மாற்றிக்கொண்டே போவார்கள். நடந்து முடிந்ததற்கு இது அழகாகப் பொருந்தும். நாளை சரியப்போகும் மேட்டுக்கு எந்த எண்ணைப் போடுவது?

அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஐவர்சனும் டேவிட் ஜார்ஜும் உருவாக்கிய டி-க்ளா என்ற மாதிரி வேறு வழியில் போகிறது. அதில் உராய்வு இப்படிக் கையால் போட்ட எண்ணோடு நின்றுவிடுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைப் பொறுத்து ஓட்டத்தின்போதே மாறுகிறது. கடற்கரையில் அலை வடிந்த ஈரமணலில் காலை ஊன்றினால், பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் ஆகும். நெருக்கமாக அடைந்திருக்கும் துகள்கள் நகர வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடுக்குகள் பெரிதாகி நீரை உள்ளே உறிஞ்சுகின்றன. நீரழுத்தம் குறைய, துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தளர்வாக அடைந்த மண்ணில் நடப்பது நேர்மாறு. அசைந்ததும் துகள்கள் கீழே அமர்கின்றன, இடுக்கு நீருக்குத் தப்பிக்க நேரமில்லை, அழுத்தம் எகிறுகிறது. மேலே உள்ள மண்ணின் எடையைத் துகள்களுக்குப் பதில் நீர் சுமக்கத் தொடங்குகிறது. உராய்வு காணாமல் போவது இங்கேதான்.

இது வெறும் ஊகம் அல்ல. ஓரிகன் காட்டுக்குள் 95 மீட்டர் நீளத்தில் கான்கிரீட் வாய்க்கால் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், மண்ணைச் சரியவிட்டுப் பார்ப்பதற்கென்றே. ஐவர்சன் குழு 2000-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், கன அளவில் பாதி காலி இடமாக இருந்த ஈரமண் ஒரே விநாடிக்குள் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் எடுத்தது. அதே மண், காலி இடம் 40 சதவீதமாக இருந்தபோது, விட்டு விட்டு, சராசரியாக விநாடிக்கு 2 மில்லிமீட்டர் நகர்ந்தது. மண் ஒன்றுதான், அடைந்திருந்த விதம் மட்டும் வேறு.

ஓசோ சரிவையும் டி-க்ளாவில் ஓட்டிப் பார்த்தார்கள். நிலநடுக்கமானிப் பதிவுகளின்படி, முதலில் சுமார் 50 விநாடிகள் மேடு மெல்ல நகர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பாய்ச்சல். நீண்ட நாள் மழையில் ஊறிய அடிமண் அமுங்கி, கூழாகி, மேலே இருந்ததைச் சுமந்து சென்றது என்ற விளக்கத்தோடு கணினி ஓட்டமும் ஒத்துப்போனது. அப்புறம் இன்னொரு ஓட்டம்: தொடக்கத்தில் காலி இடத்தையும் நீரையும் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தார்கள். சரிவின் பாய்ச்சல் வெகுவாக அடங்கிவிட்டது.

மாதிரிக்கு இது வெற்றி, முன்கணிப்புக்குப் பெரிய சிக்கல். நீரில் ஊறிய தளர்ந்த மண்ணைத் துளையிட்டு வெளியே எடுக்கும்போதே அதன் அடைவு கலைந்துவிடும். அத்தனை சின்ன வித்தியாசத்தை மேடு முழுவதும் அளப்பது நடக்கிற காரியமா?

எனவே ஒரே விடையைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். அலாஸ்காவின் பேரி ஆர்ம் என்ற கடற்கழியில், பனியாறு பின்வாங்கியதால் பிடிமானம் இழந்து நகர்ந்துகொண்டிருக்கும் பிரம்மாண்டமான மலைச்சரிவு கடலில் விழுந்தால் என்ன ஆகும் என்று டி-க்ளாவில் பார்த்தபோது, இரண்டு கன அளவுகள், ஒவ்வொன்றுக்கும் எளிதில் ஓடுவது, அவ்வளவாக ஓடாதது என இரண்டு வகைகள், ஆக நான்கு ஓட்டங்கள் ஓட்டினார்கள். அவற்றில் மோசமானதில், விட்டியர் துறைமுகத்துக்குச் சுமார் 20 நிமிடங்களில் 2 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் அலை வந்து சேர்ந்தது.