பார்க்கின்சன் நோயாளி இரவில் ஏன் ஐந்து முறை எழுகிறார்?

பார்க்கின்சன் நோய் முற்றியவர் இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், வீட்டார் முதலில் சந்தேகிப்பது சிறுநீர்ப்பையை. ஆணாக இருந்தால் புராஸ்டேட்டை. பல நேரங்களில் அது பாதி உண்மைதான்.

சிறுநீர்ப்பை நிரம்பியதும் சுருங்குவது மூளைத்தண்டின் வழியாக நடக்கும் அனிச்சைச் செயல். உரிய நேரம் வரும்வரை அதை அடக்கி வைப்பதில், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினுக்குப் பங்குண்டு. டோபமின் சுரக்கும் செல்கள் அழிய அழிய அந்தப் பிடி தளர்ந்து, பை நிரம்புவதற்கு முன்பே அவசரம் முட்டுகிறது. ஆனால் இது பகலிலும் இருப்பதுதான். இரவுக்கென்று வேறொரு காரணமும் சேர்கிறது.

இந்நோயில் இரத்தக் குழாய்களைக் கட்டுப்படுத்தும் தானியங்கு நரம்புகளும் பழுதடைவதால், பலருக்கு நிற்கும்போது இரத்த அழுத்தம் குறைகிறது. அவர்களில் கணிசமானோருக்குப் படுத்தால் ஏறவும் செய்கிறது. பகலெல்லாம் நாற்காலியில் இருந்தவரின் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்திற்குத் திரும்புகிறது. ஏறிய அழுத்தத்தில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. சிறுநீரே அதிகமாக உற்பத்தியாகும்போது, சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரையால் பெரிய பயன் இராது.

இவ்விரண்டையும் பிரித்தறிய அளவுக்கோடிட்ட குவளையும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாட்களுக்கு ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். விடிந்து எழுந்ததும் கழிப்பது இரவுக் கணக்கில் சேரும். ஒரு நாளின் மொத்தம் 1,600 மி.லி., அதில் இரவில் 700 என்றால் அது 44 சதவீதம். முதியவர்களுக்கு 33 சதவீதத்தைத் தாண்டினாலே இரவில் மிகையாகச் சிறுநீர் சுரக்கிறது என்று பொருள். மாறாக, மொத்தம் இயல்பாக இருந்து ஒவ்வொரு முறையும் 100 மி.லி. மட்டுமே வந்தால் சிறுநீர்ப்பையைக் கவனிக்க வேண்டும்.

மிகைச் சிறுநீருக்குப் பிற்பகலில் கால்களை உயர்த்தி வைப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவதும் உதவும். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டுமே மடியும். தண்ணீரை மாலைக்குப் பிறகு குறைக்கலாம். பகலில் குறைத்தால் மலச்சிக்கலும் தலைசுற்றலும் மோசமாகும். கால் வீக்கம் தரும் அம்லோடிபின் (இரத்த அழுத்த மருந்து), பிராமிபெக்சோல் (பார்க்கின்சன் மருந்து) போன்றவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. டெஸ்மோபிரசின் இரவுச் சிறுநீரைக் குறைத்தாலும், முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

சிறுநீர்ப்பைக்கான மருந்துகளில் ஆக்சிபியூட்டினின் மூளைக்குள் நுழைவதால் குழப்பத்தையும் மாயத்தோற்றத்தையும் தூண்டலாம். மிராபெக்ரான் அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று நிலைமை மோசமானால் கிருமித்தொற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

எழுவதே பெரும்பாடு என்பது தனிச் சிக்கல். மாலையில் தந்த லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் பார்க்கின்சன் மருந்து) நள்ளிரவுக்குப் பின் தீர்ந்துவிட, புரண்டு படுக்கவோ பைஜாமா நாடாவை அவிழ்க்கவோ விரல்கள் ஒத்துழைப்பதில்லை. படுக்கும்போது நீடித்துச் செயல்படும் லெவோடோபா தரலாமா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். வேட்டியோ லுங்கியோ நாடாவைவிட எளிது. கழிப்பறைக்கு நடப்பதற்குப் பதிலாகக் கட்டிலருகே யூரின் பாட்டிலோ கமோடு நாற்காலியோ இருக்கட்டும். எழுந்ததும் இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகே நிற்க வேண்டும்.