அட்டமைசரைக் கழுவினால் எது போகும், எது போகாது

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் லிக்விட் தீர்ந்ததும் தூக்கியெறியும் வேப்களை, அதாவது ஈ-சிகரெட்டுகளை, விற்கத் தடை. வேப் பிடிப்பவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, லிக்விட் ஊற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டேங்க் வகை. தூக்கியெறிகிற பொருளுக்குப் பராமரிப்பு கிடையாது, டேங்குக்கு உண்டு. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் ருசி மங்கும், பிறகு ஒரு இழுப்பில் தொண்டையைப் பிடிக்கிற மாதிரி கருகல் நெடி வரும். கழுவினால் சரியாகுமா என்றால், பாதிதான் ஆகும். (இந்தியாவில் 2019 சட்டப்படி ஈ-சிகரெட்டை விற்பதும் இறக்குமதி செய்வதும் இருப்பு வைப்பதும் குற்றம், சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். கீழே சொல்வதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு.)

அட்டமைசர் என்பது வேப்பில் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி, டேங்கும் அதில் சேர்ந்ததுதான். அதற்குள் இருப்பது ஒரு கம்பிச் சுருள், அதை ஒட்டிப் பஞ்சு, சுற்றிலும் லிக்விட். சுருளைக் காயில் என்பார்கள். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கான்தல் கம்பி, நிக்குரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பல வகை உண்டு, இப்போது ஓட்டை போட்ட மெல்லிய தகடாகவும் வருகிறது. 3.7 வோல்ட் பாட்டரியில் 1 ஓம் காயிலைப் போட்டால் கிட்டத்தட்ட 14 வாட் சூடு, 0.5 ஓம் போட்டால் 27 வாட். இவ்வளவு சூடும் அந்தச் சின்னக் கம்பியில் பாய்ந்தும் அது பழுத்துச் சிவக்காமல் இருப்பதற்குக் காரணம் லிக்விட்தான். லிக்விடில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான்: கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். பஞ்சு ஈரமாக இருக்கிற வரைக்கும் வருகிற சூடெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், கம்பியின் வெப்பம் அந்தக் கொதிநிலைகளைத் தாண்டி அதிகம் போகாது. தண்ணீர் இருக்கிற வரை சோறு வேகும், வற்றிவிட்டால் அடிப்பிடிக்கும், அதே கதைதான் இங்கேயும். பஞ்சு லிக்விடை உறிஞ்சித் தருகிற வேகத்தைவிட நீங்கள் ஆவியாக்குகிற வேகம் அதிகமானால், ஒரே இழுப்பில் கம்பியின் சூடு எகிறும், பஞ்சு கருகும்.

இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வுக் கடிதம் வந்தது. ஒரே சாதனத்தை 3.3 வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் தட்டுப்படவில்லை, 5 வோல்ட்டில் நிறையவே வந்தது. அவ்வளவு வோல்ட்டில் அந்த அட்டமைசர் காய்ந்து கருகும், எந்த மனிதனும் அதைத் தொடர்ந்து இழுக்க மாட்டான் என்று எதிர்வாதமும் வந்தது. என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதிலும் பாடம் ஒன்றுதான்: கருகல் நெடி வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு இழுக்கிற விஷயம் இல்லை அது.

சரி, காயிலில் படிகிற அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? கிளைக்காலும் கிளிசரினும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுகின்றன, பெரிதாக எதையும் விட்டுவைப்பதில்லை. மிச்சம் வைப்பது இனிப்பு. பழ வாசனை, கேக் வாசனை லிக்விடுகளில் பலவற்றில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைச் சேர்க்கிறார்கள். அது ஆவியாகாது, கொதிநிலைக்குப் போவதற்கு முன்பே சிதைந்து கரியாகிக் கம்பியில் ஒட்டும். சுக்ரலோஸ் மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள் இருக்கின்றன, சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி, பக்கத்திலிருக்கும் கிளைக்காலையும் கிளிசரினையும் வேகமாகச் சிதைக்கிறது. ஒட்டிய கரி கம்பிக்கும் லிக்விடுக்கும் நடுவே போர்வையாகிவிடும். சூடு லிக்விடுக்குப் போய்ச் சேராது, கம்பி இன்னும் சூடாகும், இன்னும் கரி படியும். இந்த நேரம் பார்த்து ஆவி குறைகிறதே என்று வாட்டை ஏற்றுவார்கள், அதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. இனிப்பில்லாத லிக்விடுக்கு மாறினால் காயிலின் ஆயுள் கண்கூடாகக் கூடும்.

இப்போது கழுவுவதற்கு வருவோம். கிளைக்கால், கிளிசரின் இரண்டுமே தண்ணீரில் எந்த அளவிலும் கலந்துவிடும், அதனால் டேங்க், கண்ணாடி, வாய் வைக்கும் முனை, காற்றுத் துளைகள் எல்லாவற்றுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும், பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. கசியாமல் அடைக்கும் சிலிக்கோன் வளையங்கள் (ஓ-ரிங்) வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், எவ்வளவு அலசினாலும் புதினா நெடி போகாவிட்டால் புதியது மாற்றுவதே நல்லது. பிளாஸ்டிக் டேங்க் என்றால் எலுமிச்சை, இலவங்கப்பட்டை வாசனை லிக்விடுகளை ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக்கில் அவை விரிசல் விழ வைக்கும். திருகுமரை வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சமையல் எண்ணெய் தடவுவது ஆபத்து. கிளிசரின் எண்ணெய் வகை அல்ல, ஆனால் நிஜ எண்ணெய் ஆவியோடு நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி உண்டாக்கும்.

கடையில் வாங்கிப் போடும் காயில் தலையை, அதாவது காயிலும் பஞ்சும் ஒன்றாக மூடி வரும் துண்டை, ஆல்கஹாலில் ஊறவைத்தால் புதியது போலாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பழைய வாசனை போகும், ஒட்டிய பிசின் கொஞ்சம் போகும். கரி தண்ணீரிலும் கரையாது, ஆல்கஹாலிலும் கரையாது, கருகிய பஞ்சு மறுபடி வெள்ளையாகாது. ஒலி அலையால் அதிரவைத்துக் கழுவும் அல்ட்ராசோனிக் கிளீனரில் போட்டாலும் நுண்குமிழிகள் உடைந்து உலோகத்தின் மேல் படிவு கழலுமே தவிர, பஞ்சுக்கு வழியில்லை. அதோடு அந்த மூடிய தலைக்குள் ஈரம் காய நாள் கணக்காகும். மிச்சமிருக்கும் தண்ணீர் சூட்டில் பட்டுப்பட்டென்று வெடித்து வாயில் தெறிக்கும். ஆல்கஹால் ஈரத்தோடு பட்டனை அழுத்தினால் தீப்பிடிக்கலாம். கருகிவிட்ட தலையைத் தூக்கிப் போடுங்கள், காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

தானே காயில் சுற்றிப் பஞ்சு போடுகிறவர்களுக்குத்தான் சுத்தம் செய்வது உண்மையிலேயே பலன் தரும். பழைய பஞ்சை இழுத்துப் போட்டுவிட்டு, குறைந்த வாட்டில் பட்டனை விட்டுவிட்டு அழுத்தினால் கரி சாம்பலாகும், ஆறிய பிறகு சின்ன பிரஷ்ஷால் தேய்த்து அலசலாம். கான்தல் இதைத் தாங்கும், ஏனென்றால் அதன் மேல் தானாகவே உருவாகும் அலுமினியம் ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நிக்கல், டைட்டானியம் கம்பிகளை இப்படி வெறுமனே சூடாக்கவே கூடாது. டைட்டானியம் சூட்டில் வெள்ளைத் தூளாக ஆக்சைடு விடும், அது மூச்சில் போகக் கூடாது.

புதிய பஞ்சோ புதிய தலையோ, போட்டவுடன் இழுக்காதீர்கள். பஞ்சின் மேல் சில சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் வைத்துவிடுங்கள், காய்ந்த முதல் இழுப்பிலேயே புதுத் தலை வீணாகும். டேங்க் பாட்டரியோடு சேரும் திருகு முனையை (510 என்பது அதன் வகைப் பெயர்) உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள், அங்கே லிக்விட் கசிந்து படிந்திருந்தால் 0.5 ஓம் காயில் திரையில் வேறு எண் காட்டும். எண் சரியாக வந்தால், குறைந்த வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், லிக்விடில் இருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.