தளவிளைவு: ஒளிக்கு முனை உண்டா?

ஒளி ஓடும் திசைக்குக் குறுக்கே அதன் மின்புலம் அதிர்கிறது. விளக்கொளியில் அந்த அதிர்வு எல்லாப் பக்கமும் கலந்திருக்கும். ஒரே தளத்துக்குள் அது அடங்கிவிட்டால், அதுதான் தளவிளைவு. ஆங்கிலத்தில் போலரைசேஷன் என்கிறார்கள்.

அந்தப் பெயர் பிறந்தது பாரிஸில். 1808இல் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெரிந்த இரண்டு பிம்பங்களின் வெளிச்சமும் மாறியது. ஒளி துகள்களால் ஆனது, காந்தம்போல அவற்றுக்கும் முனைகள் உண்டு என்பது அவருடைய எண்ணம். அதனால் 1811இல் முனையை வைத்தே பெயரிட்டார். ஒளி குறுக்கலை, அதாவது ஓடும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை, என்று பிரெஞ்சு இயற்பியலர் ஃபிரெனெல் பின்னர் நிறுவினார். ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் இதை முனைவாக்கம் என்றும் எழுதுகிறார்கள். மின்கடத்தாப் பொருளில் நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதற்கு அது பொருத்தமான சொல். அங்கே உண்மையிலேயே முனைகள் உண்டாகின்றன. ஒளிக்குத் தளவிளைவுதான் சரி என்பேன். இன்றைய ஆய்வுகளில் அளக்கப்படுவதும் தளம்தானே!

கண்ணுக்குப் புலப்படாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருள், ஆக்சியான் என்ற கற்பிதத் துகளால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதன் புலத்தில், அதிர்வுத் திசை இடப்பக்கமாகச் சுழன்றபடி ஓடும் இடச்சுழி ஒளியும், வலப்பக்கமாகச் சுழலும் வலச்சுழி ஒளியும் சற்றே வேறு வேகத்தில் செல்லும். ஒரு தளத்தில் அதிரும் லேசர் இவ்விரண்டின் கூட்டு என்பதால், அதன் தளம் மிக நுண்மையாக இப்படியும் அப்படியும் திரும்பும். விளைவைப் பெருக்க ஒளியைக் கண்ணாடிகளுக்கிடையே பலமுறை ஓடவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு எதிரொளிப்பிலும் சுழி மாறுவதால், எதிரெதிரே இரண்டு கண்ணாடி மட்டும் வைத்தால் விளைவு அழிந்துபோகும். அதனால்தான் ஜப்பானின் டான்ஸ் ஆய்வில் நான்கு கண்ணாடிகள்: ஒவ்வொரு பக்கத்திலும் இருமுறை பட்டு, சுழி பழையபடி ஆகிவிடும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் லிடா கருவியும் தளத் திருப்பத்தையே தேடுகிறது. ஈர்ப்பலைகளை, அதாவது வெளியே நீண்டு சுருங்கும் அலைகளை, பிடிக்கும் ஜப்பானின் காக்ரா கருவியின் 3 கி.மீ. கரங்களில் தேடும் திட்டமும் உண்டு. அவ்வளவு தூரம் ஓடித் திரும்புவதற்குள் ஆக்சியான் புலமே மாறிவிடக்கூடும், அப்போது விளைவு அழியாது. ஆக்சியான் இன்னும் எங்கும் சிக்கவில்லை.

சரி, ஈர்ப்பலைக்கு இந்தச் சொல் ஒத்துவருமா? வராது. அங்கே போலரைசேஷன் என்பது வெளி நீண்டு சுருங்கும் இரண்டு விதங்கள்; ஒன்றை 45 பாகை திருப்பினால் மற்றது. அதை அதிர்வுப்பாங்கு என்று சொல்லலாம். அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்தின் இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே போக்கில் அமைந்தவை, அவற்றால் பாங்கைப் பிரித்தறிவது கடினம். 2017 ஆகஸ்டில் இத்தாலியின் விர்கோ கருவியும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சோதனை கைகூடியது.