மலை வீட்டில் பில்ட்-இன் மைக்ரோவேவ்: மெஷினுக்கு முன்னால் கப்போர்டைப் பாருங்கள்

போன ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கும் வீடு. "தம்பி, வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை. ஏதாவது வேகவெச்சா ஏழெட்டு நிமிஷத்துல நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு தானா ஓடுது" என்றார்.

முன்பக்கம் பார்க்க அழகாக இருந்தது. புது மாடுலர் கிச்சன், நடுவில் மைக்ரோவேவ், சுற்றிலும் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் கச்சிதமாக அடைத்த சட்டம். மெஷினை வெளியே இழுத்ததும் பூஞ்சை வாடை வந்தது. பின்பலகை ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மேல்தட்டில் லேமினேட் உரிந்து தொங்கியது.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது மேஜைமேல் வைக்கிற மாடல். அதைக் கப்போர்டுக்குள் அடைத்துவிட்டார்கள். சூடு வெளியே போக வழியில்லாமல், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா, மூச்சு விடத்தான் இடமில்லை" என்று சொன்னேன்.

நீலகிரியில் நான் பார்க்கும் மைக்ரோவேவ் புகார்களில் இந்த மாதிரிதான் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

900 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பது உணவுக்குப் போய்ச் சேரும் சக்தி. அதற்காக மெஷின் சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 1400 வாட். மிச்சம் 500 வாட் மெஷினுக்குள்ளேயே சூடாகிறது. அந்தச் சூட்டை ஃபேன் வெளியே தள்ள வேண்டும். மேஜை மாடல் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளும். சுற்றிலும் காலி இடம் இருக்கும் என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பில்ட்-இன் மாடலில் காற்று வந்து போகும் பாதையே வேறு. கப்போர்டுக்குள் எப்படிப் பொருத்த வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பல மாடல்களில் பின்பலகையே கூடாது என்றிருக்கும், அல்லது பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி கேட்பார்கள். பில்ட்-இன்னுக்குக் கூடுதல் விலை கொடுப்பது அழகுக்காக மட்டும் என்று நினைத்து, காசு மிச்சம் பண்ண மேஜை மாடலை உள்ளே வைத்துவிடாதீர்கள். மேஜை மாடல்தான் வேண்டும் என்றால், அந்த மாடலுக்கென்றே கம்பெனி விற்கும் டிரிம் கிட் (கப்போர்டுக்குள் பொருத்தும் சட்டம்) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திறந்த தட்டில் வையுங்கள், அதுவே நல்லது.

இது எல்லா ஊருக்கும் பொதுவானது. மலைக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைக்காரர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவுதான். இன்னொன்று, மைக்ரோவேவுக்குள் 2000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது. காற்று மெலிய மெலிய மின்பொறி தாவுவது சுலபமாகிறது. அதனால்தான் சில மாடல்களின் கையேட்டில், அதிகபட்சம் 2000 மீட்டர் உயரம் வரை பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். குன்னூர்க்காரர்களுக்கு அது பிரச்சினையில்லை. ஊட்டிக்காரர்கள், கொடைக்கானலில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் கையேட்டைக் கேட்டு வாங்கி அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இன்னும் அதிக உயரத்துக்கு அனுமதிக்கும் மாடல்களும் கிடைக்கின்றன.

அப்புறம் ஈரம். ஜூனில் ஆரம்பிக்கும் மழை ஊட்டிக்கு, அக்டோபர், நவம்பர் மழை குன்னூர், கோத்தகிரிக்கு. வருடத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கும் ஊரில் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு கப்போர்டு வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மைக்ரோவேவ் உட்காரும் பகுதிக்காவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் போடுங்கள். வெட்டிய ஓரங்களையும் ஆசாரியிடம் சொல்லி அடைத்துவிடுங்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். மெஷினின் உட்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. பெயின்ட் அடித்த உட்புறத்தில் ஒரு இடம் பெயர்ந்தால் துரு பிடிக்கும், துரு பிடித்த இடத்தில் தீப்பொறி பறக்கும். சமைத்து முடித்ததும் துணியால் துடைத்துவிட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

அளவு விஷயம் சுலபம். பெரும்பாலான பில்ட்-இன் மாடல்களுக்கு 56 சென்டிமீட்டர் அகலம், 38 அல்லது 45 உயரம், 55 ஆழம் வேண்டும். மேல் கப்போர்டின் ஆழம் 30, 35தான் இருக்கும் என்பதால் அதற்கென்று ஆழம் குறைந்த மாடல் தனியாக உண்டு. முதலில் மாடலை முடிவு செய்து, அதன் அளவுத் தாளை ஆசாரி கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பலகை வெட்டச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அங்கே சுவர் இடிக்குமா என்றும் பாருங்கள். தோளுக்கு மேல் உயரத்தில் வைக்காதீர்கள். கொதிக்கும் ரசத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து.

சூடு பண்ண மட்டும்தான் என்றால் 20, 25 லிட்டர் சோலோ (கிரில், பேக்கிங் வசதி இல்லாத சாதா மாடல்) போதும். வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் பெண்கள் பலரும் அதில்தான் சாக்லேட்டை உருக்குகிறார்கள். கேக் செய்பவர்கள் சூடான காற்றைச் சுழலவிட்டு பேக் செய்யும் கன்வெக்ஷன் மாடல் வாங்கலாம். துவரம்பருப்பை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. பருப்புக்குக் குக்கர்தான்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 16 ஆம்பியர் பிளக், அதற்கென்று தனி லைன், மின்கசிவு ஏற்பட்டால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். பிளக் மெஷினுக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கத்து கப்போர்டில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். கீசர், ரூம் ஹீட்டர் இருக்கும் லைனில் இதைச் சேர்க்காதீர்கள். பழைய பங்களாக்களில் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் மெஷினை வாங்கவே வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக மெஷினின் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும். மெஷின் ஓடும், லைட் எரியும், தட்டு சுற்றும், சாப்பாடு மட்டும் சூடாகாது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு பவரில் சரியாக ஒரு நிமிடம் ஓடவிட்டு, கலக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு. 900 வாட் மெஷினில் 13 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும்.

டீச்சரம்மா வீட்டில் பின்பலகையை எடுத்து, கெட்ட பலகைகளை மாற்றி, அளவுக்கேற்ற பில்ட்-இன் மாடலைப் பொருத்தினோம். பழைய மெஷின் மகன் வீட்டுக்குக் கோவை போய்விட்டது. அங்கே மேஜைமேல் நன்றாக ஓடுகிறதாம். நவம்பரில் மறுபடி போனபோது காலண்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: காலையில் 13, இரவு ஏழு மணிக்கு 9. "ராத்திரி 630 வாட்தான் வருது, ஸ்டெபிலைசர் வாங்கணுமா தம்பி?" என்று கேட்டார். வாங்கச் சொல்லி, ஸ்டெபிலைசரின் அளவை அதே காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.