குறும்படத்தை முழுநீளமாக்கும் முன் '9' இரண்டையும் பாருங்கள்

அனிமேஷன் குறும்படம் ஒன்று பேர் வாங்கியதும், "இதையே பெரிய படமா பண்ணலாமே" என்ற பேச்சு கிளம்பிவிடும். கணக்கைப் போட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்றால் 11 நிமிடக் குறும்படத்துக்கு 15,840 ஃபிரேம்; 79 நிமிட முழுநீளப் படத்துக்கு 1,13,760. உழைப்பு ஏழு மடங்கு. கதையிலும் ஏழு மடங்கு சரக்கு இருக்கிறதா?

இதைப் படிக்க ஷேன் ஆக்கரின் '9' மிக நல்ல பாடம். யுசிஎல்ஏ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலஸ்) மாணவராக அவர் எடுத்த குறும்படம் 2005இல் வந்தது, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஹாலிவுட் இயக்குநர் டிம் பர்ட்டன் தயாரிப்பாளர்களில் ஒருவராகச் சேர, ஆக்கரே 2009இல் முழுநீளப் படத்தையும் இயக்கினார். இரண்டின் கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

குறும்படத்தில் வசனமே கிடையாது. சாக்குத் துணியில் தைத்த பொம்மையைப் பூனை மண்டையோடு வைத்த இயந்திர மிருகம் வேட்டையாடுகிறது. மிருகத்தின் உடம்பில் எண் போட்ட துணிகள் தொங்குகின்றன. இதற்கு முன் யார் யார் செத்தார்கள் என்பதை அந்தத் துணிகளே சொல்லிவிடுகின்றன. உலகம் ஏன் அழிந்தது, பொம்மைக்கு உயிர் எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை. உயிர் தப்புவதே கதை.

79 நிமிடம் உட்கார வைத்தால் கேட்போம். அதனால்தான் பெரிய படம், பொம்மைகளை உருவாக்கிய விஞ்ஞானியின் குரலோடு தொடங்குகிறது. கண் விழிக்கும் 9 என்ற நாயகப் பொம்மைக்கு முதலில் பேச்சு வராது. 2 என்ற கிழவர் பொம்மைதான் அதற்குக் குரல் கருவியைப் பொருத்தி, பேச வைக்கிறது. அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குறும்படத்தின் ஊமை நாயகன் வசனப் படத்துக்குள் நுழைவது அங்கேதான். அதையே ஒரு சம்பவமாக்கியது அருமையான திரைக்கதை வேலை.

அடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. குறும்படம் முழுவதும் நம்மை மிரட்டிய பூனை மிருகத்தைப் பெரிய படத்தின் முன்பகுதியிலேயே 7 என்ற பொம்மை தலையை வெட்டிச் சாய்த்துவிடுகிறது. உடனே 9 ஆர்வக்கோளாறில் கையிலிருந்த தாயத்தைப் பெரிய இயந்திரத்தில் பொருத்த, அது விழித்து 2இன் உயிரை உறிஞ்சுகிறது. உயிர் பிழைக்க ஓடிய பொம்மைக்கு இப்போது குற்ற உணர்வு வந்துவிட்டது. நீளத்தைத் தாங்குவது இதுதான். புதுப் புது மிருகங்களைச் சேர்த்தால் மட்டும் தாங்காது. பின்பாதியில் துரத்தல் மேல் துரத்தலாக வரும்போது அலுப்புத் தட்டுவதும் அதனால்தான். விஞ்ஞானி தன் உயிரையே பங்கு போட்டுப் பொம்மைகளுக்குக் கொடுத்தார் என்று பதிவு செய்த செய்தி வழியாக விளக்கும் இடமும் எனக்கு உறுத்துகிறது. அதற்கு மாறாக, பேசாமல் கண்ணிலிருந்து ஒளி பாய்ச்சிப் படம் காட்டும் 3, 4 இரட்டையர்கள் வரும் இடமெல்லாம் பழைய குறும்படம் உயிரோடு இருக்கிறது.

பொம்மைப் படம்தானே என்று சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் இதற்குப் பிஜி-13 சான்று (13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருந்தாத காட்சிகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கை). தொடக்கத்திலேயே விஞ்ஞானியின் பிணம் தரையில் கிடக்கும்.

உங்கள் குறும்படத்தை நீட்டுவதாக இருந்தால், திரைக்கதையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நாயகனுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று வரிகள் ஒன்றுபோலவே வந்தால் கதை இழுக்கப்படுகிறது என்று அர்த்தம்; ரெண்டரிங் (கணினி இறுதிப் படங்களை உருவாக்கும் கட்டம்) வரை போனபின் அதைச் சரிசெய்ய முடியாது. பிறகு ஸ்டோரிபோர்டை (காட்சி வரைபடங்களை) நேரக்கணக்கோடு ஓடும் அனிமேட்டிக்காக்கி, தற்காலிகக் குரலை முழுவதும் அணைத்துவிட்டு, கதை தெரியாத இருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே மட்டும் வசனத்தைத் திரும்ப வையுங்கள்.